தாமஸ் நாஸ்ட்: ட்வீட் வீழ்ந்தது அந்தப் படங்களாலா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பத்திரிகைக் கருத்துப்படங்களின் வரலாற்றைச் சில காலமாகப் படித்து வருகிறேன். சிற்றிதழ் ஒன்றுக்குத் தாமஸ் நாஸ்ட் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் தொடக்ககால அரசியல் கேலிச்சித்திரக்காரர்களில் முதலிடம் பெறுபவர் அவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1840இல் அன்றைய பவேரிய ஆட்சியின் கீழிருந்த லாண்டாவு நகரில் பிறந்து, 1846இல் நியூயார்க்கிற்கு வந்து சேர்ந்து, பதினைந்து வயதிலேயே ஃபிராங்க் லெஸ்லியின் படப் பத்திரிகையில் வேலைக்கு அமர்ந்து, 1862 முதல் 1886 வரை ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ வார இதழில் வரைந்தவர்.

நான் தயங்கி நிற்கும் இடம் வேறு. அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரே செய்தியைத்தான் முன்னிறுத்துகிறார்கள். டாமனி ஹால் என்னும் ஜனநாயகக் கட்சி அமைப்பின் வழியே நியூயார்க் நகராட்சியைத் தம் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் சுருட்டிய வில்லியம் ட்வீட்டை, 1871இல் நாஸ்டின் படங்களே வீழ்த்தின என்பது அந்தச் செய்தி. செய்தித்தாள்கள் என்ன எழுதினாலும் தமக்குக் கவலையில்லை, தம்முடைய ஆட்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் படங்களைப் பார்க்காமல் இருக்க மாட்டார்களே என்று ட்வீட் நொந்துகொண்டதாக ஒரு கூற்றும் பல வடிவங்களில் உலவுகிறது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் படம் வரைகிற ஒருவர் ஒரு நகரத்தின் ஆட்சியைத் தனியாளாகக் கவிழ்த்துவிட முடியுமா?

அதே ஆண்டின் இதழ்களைப் புரட்டியபோது மற்றொன்றும் கண்ணில் பட்டது. 1871 ஆகஸ்ட் 19 இதழில் வந்த, மக்களின் பணத்தைத் திருடியவர் யார் என்று கேட்கும் படத்தில், ட்வீட்டும் கூட்டாளிகளும் ஒப்பந்தக்காரர்களும் வட்டமாக நின்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டி ‘இவன்தான்’ என்கிறார்கள். முன்னால் பருத்த வயிறும் சட்டையில் பெரிய வைரமுமாக ட்வீட் நிற்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத அமைப்பு அது. ஆனால் ஆறே வாரம் கழித்து, செப்டம்பர் 30 இதழில், கங்கையைப் பெயரில் கொண்ட ஒரு படம் வருகிறது. கரையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளை நோக்கி முதலைகள் ஊர்ந்து வருகின்றன. உற்றுப் பார்த்தால் அவை முதலைகள் அல்ல, கத்தோலிக்க ஆயர்கள். அவர்கள் தலையில் அணியும் கூம்பு முடிகளே முதலைகளின் பிளந்த வாயாக வரையப்பட்டிருக்கின்றன. இந்த இரண்டையும் வரைந்த கை ஒன்றேதானா என்று திகைத்துப் போனேன். இவரைக் கட்டுரையில் எப்படி அறிமுகப்படுத்துவது? மேலும், வாரந்தோறும் இவ்வளவு நுணுக்கமான படங்கள் மரக்கட்டையில் எப்படி உருவாயின என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1

நல்ல கேள்வி. ட்வீட் வீழ்ச்சியைப் பொறுத்தவரை, தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

நாஸ்ட் 1871க்கு முன்பே டாமனி ஹாலைத் தாக்கி வரையத் தொடங்கிவிட்டார். அப்போது அவரிடம் ஆதாரம் என்று எதுவும் கிடையாது. நகரத்தில் எல்லோரும் அறிந்து, எவரும் மெய்ப்பிக்க முடியாதிருந்த ஊழலைத்தான் அவர் வரைந்துகொண்டிருந்தார். நகராட்சி விளம்பரங்களால் கிடைத்த வருமானத்தை இழக்க விரும்பாத பல செய்தித்தாள்கள் அந்நாளில் வாய் திறக்கவில்லை. நிலைமையை மாற்றியவை 1871 ஜூலையில் அடுத்தடுத்து நடந்த இரண்டு நிகழ்வுகள். ஜூலை 12 அன்று அயர்லாந்துப் புராட்டஸ்டண்டுகள் நடத்திய ஊர்வலத்தை ஒட்டிக் கலவரம் மூண்டு, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். திருடினாலும் தெருவில் அமைதியைக் காப்பார்கள் என்று டாமனியைப் பொறுத்துக்கொண்டிருந்த வசதி படைத்தவர்கள் அன்றோடு கைவிட்டார்கள். பத்து நாள் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ நகராட்சிக் கணக்குகளை வெளியிடத் தொடங்கியது. முன்னாள் ஷெரீஃபான ஜேம்ஸ் ஓ’பிரையன், தமக்கு வரவேண்டிய தொகையை ட்வீட் கூட்டம் தராத கோபத்தில், கணக்கேடுகளின் நகல்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நேர்மையின் பொருட்டு அன்றி, பங்கு கிடைக்காத ஆத்திரத்தில் கசிந்த ஆதாரம் அது. இதை நீங்கள் கட்டுரையில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கில் இருந்ததைப் பாருங்கள். நகரத்தின் புதிய நீதிமன்றக் கட்டடத்துக்குத் தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை 2,50,000 டாலர். முடிவில் ஆன செலவு 1 கோடியே 20 லட்சம் டாலருக்கும் மேல். ஆண்ட்ரூ கார்வி என்ற ஒரே கொத்தனாருக்கு மட்டும் சுவர்ப் பூச்சு வேலைக்காக இருபது லட்சம் டாலருக்கும் அதிகமாகக் கொடுத்ததாகப் பற்றெழுதியிருந்தார்கள். கணக்குகளை வெளியிடாமல் இருக்க, டைம்ஸின் உரிமையாளர் ஜார்ஜ் ஜோன்ஸிடம் நகரக் கணக்கு அதிகாரி ரிச்சர்ட் கானலி 50 லட்சம் டாலர் பேரம் பேசினார் என்பதும், ஜோன்ஸ் மறுத்துவிட்டார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. செப்டம்பர் 4 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடி, ஊழலை எதிர்த்து நடவடிக்கை எடுக்க எழுபதின்மர் குழு என்னும் குடிமக்கள் குழு அமைந்தது. நவம்பர் 7 அன்று தேர்தல்.

ஆகவே கணக்கைத் தந்தவர் ஓ’பிரையன், அச்சிட்டது டைம்ஸ், வழக்காக்கியவர்கள் எழுபதின்மர் குழுவினரும் வழக்கறிஞர் சாமுவேல் டில்டனும். நாஸ்டின் பங்கு என்ன என்றால், எண்களுக்கு முகம் கொடுத்தார் என்பேன். நெடுவரிசை நெடுவரிசையாக அச்சான கணக்கை எத்தனை பேர் முழுக்கப் படித்திருப்பார்கள்? ஆனால் வட்டமாக நின்று ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கணக்கின் சாரம் ஒரே பார்வையில் விளங்கியது. அக்டோபர் 21 இதழில் அவர் இன்னும் ஒரு படி போனார். ட்வீட்டின் பருத்த உடலை அப்படியே வரைந்து, கழுத்துக்கு மேல் தலைக்குப் பதிலாக ஒரு பணமூட்டையை வைத்தார். மூட்டையின் மேலிருந்த டாலர் குறியே கண்ணும் மூக்கும் வாயும் ஆயிற்று. முகமே இல்லாமல் ஒரு மனிதரை ஊரே அடையாளம் கண்டுகொள்கிறது என்றால், அந்த உருவத்தை முந்தைய வாரங்களில் எவ்வளவு ஆழமாகப் பதித்திருக்க வேண்டும்! தேர்தலுக்கு முன்பே கடைக்கு வந்துவிட்ட நவம்பர் 11 இதழில், உரோமானிய விளையாட்டரங்கில் டாமனிப் புலி குடியரசு என்னும் பெண்ணைக் குதறிக்கொண்டிருக்க, மேடையிலிருந்து ட்வீட் வேடிக்கை பார்க்கும் இருபக்கப் படம் வந்தது. ட்வீட் இளமையில் இருந்த தீயணைப்புக் குழுவின் சின்னம் புலி. அதை எடுத்து அவர்மீதே திருப்பினார் நாஸ்ட்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்தத் தேர்தலில் டாமனி ஆட்கள் பலர் தோற்றாலும், மாநில மேலவைக்கு நின்ற ட்வீட் தம் தொகுதியில் வென்றார். படிக்கத் தெரியாத தம் மக்கள் படங்களைப் பார்த்துவிடுவார்களே என்று அவர் அஞ்சியதாகச் சொல்லும் கூற்றை இந்த முடிவோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். பார்த்த மக்களும் அவருக்கே வாக்களித்தார்கள். வேலை, கடன், குளிர்காலத்துக்கு நிலக்கரி என்று அவரிடம் அவர்கள் பெற்ற உதவி படத்தைவிடப் பெரிதாக இருந்தது. நாஸ்டின் படங்கள் அசைத்தது, அதுவரை வாக்களிக்கவே வராமல் வீட்டில் இருந்த நடுத்தர வர்க்கத்தை என்றே நான் கருதுகிறேன்.


மறுமொழி 2

அச்சுத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், மரக்கட்டை பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். அதை அறியாமல் நாஸ்டின் கோடுகளை மதிப்பிடவே முடியாது.

பயன்பட்டது பாக்ஸ் என்னும் மரம். மிக மெதுவாக வளர்வதால் அதன் இழைகள் நெருக்கமாகவும் கடினமாகவும் இருக்கும். பலகையாக நெடுக அறுக்காமல், அடிமரத்தைக் குறுக்கே வெட்டி அந்த வெட்டு முகத்தை இழைத்து வழவழப்பாக்குவார்கள். அப்போதுதான் உளி எந்தத் திசையில் போனாலும் இழை பிய்யாமல் மயிரிழைக் கோடு நிற்கும். இதில் ஒரு சங்கடம், அந்த மரம் பருக்காது. உள்ளங்கை அளவுத் துண்டுகளே கிடைக்கும். இதழின் முழுப் பக்கத்துக்கு வேண்டிய பிளாக் என்பது, பல சிறு துண்டுகளைப் பின்புறத்தில் திருகாணி போட்டு இறுக்கிச் சேர்த்ததுதான்.

சேர்த்த முகத்தின் மேல் வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் நாஸ்ட் பென்சிலால் நேரடியாக வரைவார். அச்சில் இடவலம் மாறும் ஆகையால் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதைப் போல் திருப்பி வரைய வேண்டும். தெருப் பலகையில் எழுத்து இருந்தால் அதுவும் திரும்பியே இருக்க வேண்டும். நாஸ்டின் படங்களில் சுவரொட்டி, கல்வெட்டு, காகிதச்சுருள் என்று எழுத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். வரைந்து முடித்ததும் செதுக்குவோர் கைக்குப் போகும். அவசரம் என்றால் திருகாணிகளைக் கழற்றித் துண்டுகளைப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் ட்வீட்டின் வயிற்றைச் செதுக்க, இன்னொருவர் பின்னணியிலுள்ள கட்டடத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பார். கோடு நிற்கும் இடத்தை விட்டுவிட்டு வெண்மையாகத் தெரிய வேண்டிய பரப்பையெல்லாம் அகழ்ந்தெடுப்பதுதான் அவர்கள் வேலை. பிறகு மீண்டும் இறுக்கிச் சேர்த்து, இணைப்பில் கோடுகள் பொருந்துகின்றனவா என்று தலைமைச் செதுக்குநர் சரிபார்ப்பார். பழைய இதழ்களின் நல்ல பிரதிகளில், படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு நேராக ஓடுவதைச் சில இடங்களில் காணலாம். அது இரண்டு துண்டுகள் சேர்ந்த மூட்டு. அந்தப் பிளாக்கையே நேரடியாக அச்சுக்கு ஏற்றாமல், அதிலிருந்து மின்முலாம் வழியாகச் செப்புத் தகடு எடுத்து அச்சிட்டதால்தான் லட்சக்கணக்கான படிகள் அடித்தும் கோடு மழுங்கவில்லை.

இந்த முறை நாஸ்டின் பாணியையே வகுத்தது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அடர்ந்த நிழற்கோடுகள், கருமையிலிருந்து பிதுங்கி வருவதைப் போன்ற உருவங்கள், கனத்த வெளிவரம்பு ஆகியவை எல்லாம் மரத்துக்காகவே யோசித்து வரைந்தவை. 1880ஐ ஒட்டி ஹார்ப்பர்ஸ் நிறுவனம், வரைந்த படத்தைப் புகைப்படமெடுத்து வேதிமுறையில் உருவாக்கும் பிளாக்கிற்கு மாறியது. அதற்குப் பிறகு அவர் காகிதத்தில் பேனாவும் மையும் கொண்டு வரைய வேண்டியதாயிற்று. செதுக்குநரின் கை நடுவே இல்லாததால் கோடு விடுதலை பெற்றிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. பேனாக் கோட்டில் அந்தக் கனம் வரவில்லை. படம் வெளிறிப் போயிற்று. அதே காலத்தில் ‘பக்’ என்னும் இதழில் ஜோசப் கெப்ளர் கல்லச்சில் வண்ணப் படங்களை வெளியிட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாஸ்டின் சரிவுக்கு அரசியல் மட்டுமே காரணம் அன்று என்பது புரியும். பெயர் தெரியாமல் போன அந்தச் செதுக்குநர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாஸ்டின் புகழில் அவர்களுக்குப் பங்கு உண்டு.


மறுமொழி 3

முதல் மறுமொழி எழுதிய அன்பர் தேதிகளைத் தெளிவாக வைத்திருக்கிறார். ஆனால் முதலைப் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடந்துவிட்டார். கேள்வியின் கனமான பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

அந்தப் படத்துக்கு ஒரு சூழல் இருக்கிறது. டாமனியின் செல்வாக்கால் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் போய்ச் சேர்ந்தது. எல்லோருக்குமான அரசுப் பள்ளி இதனால் அழியும் என்று நாஸ்ட் மெய்யாகவே அஞ்சினார். படத்தில் பின்னால் பாழடைந்து நிற்பது அரசுப் பள்ளி; அதன் மேல் அமெரிக்கக் கொடி தலைகீழாகப் பறக்கிறது. பிள்ளைகளுக்கு முன்னால் ஓர் இளைஞர் அரண் போல நிற்கிறார். அவர் மேல்சட்டைக்குள் விவிலியம் செருகியிருக்கிறது. அரசுப் பள்ளியில் மதம் கூடாது என்பவர் ஏன் அந்த இளைஞரின் மார்பில் புராட்டஸ்டண்டு விவிலியத்தை வைத்தார்? அவர் எதிர்த்தது மதத்தை அன்று, ஒரு குறிப்பிட்ட மதப்பிரிவை என்பதற்கு அந்தச் சிறு புத்தகமே சான்று.

அயர்லாந்தினர் மீது அவருக்கிருந்த வெறுப்புக்கு 1863 ஜூலைக் கலவரங்கள் ஒரு காரணம். கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து எழுந்த கும்பல், அதில் பெரும்பாலோர் அயர்லாந்துக் குடியேறிகள், நியூயார்க்கின் கறுப்பின மக்களைத் தேடித்தேடிக் கொன்றது. கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக் கொளுத்தியது. அந்தக் கொடுமையை நகரத்தில் இருந்து அறிந்தவர் நாஸ்ட். கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தை அவர் குற்றம் செய்தவர்கள் மீது நிறுத்தவில்லை. 1871 செப்டம்பர் 2 இதழில் வந்த படத்தில் ஓர் அயர்லாந்துக்காரர், குரங்கின் தாடையும் நெற்றியுமாக, கையில் மதுப்புட்டியோடு வெடிமருந்துப் பீப்பாயின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இது ஒரு தனிமனிதரைப் போன்ற உருவம் அன்று. ஓர் இனத்துக்கே செய்து வைத்த அச்சு. லண்டன் ‘பஞ்ச்’ இதழின் ஓவியர்களும் பழக்கத்தில் வைத்திருந்த அச்சு அது.

முதல் அன்பர் வியந்து பாராட்டிய அதே திறன்தான் இங்கும் வேலை செய்கிறது என்பதை உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. ஓர் உருவத்தை வாரந்தோறும் காட்டி, இறுதியில் முகமே இல்லாவிட்டாலும் அடையாளம் காணும்படி மனத்தில் பதிப்பது ட்வீட்டுக்குச் சரி. ஏனெனில் ட்வீட் ஓர் ஆள், அவர் திருடியதற்குக் கணக்கு இருந்தது. அயர்லாந்துக்காரர் என்னும் உருவத்துக்குப் பின்னால் கணக்கேடு எதுவும் கிடையாது.

இதைச் சொல்லும்போது அவரது மறுபக்கத்தையும் முழு மனத்தோடு சொல்லியாக வேண்டும். 1865 ஆகஸ்ட் 5 இதழில், போரில் ஒரு காலை இழந்த கறுப்பினப் போர்வீரரை அருகில் நிறுத்தி, இவருக்கு வாக்குரிமை இல்லையா என்று நாட்டைக் கேட்டவர் அவர். 1871 பிப்ரவரி 18 இதழில், வெறிபிடித்த கூட்டத்திடமிருந்து ஒரு சீனத் தொழிலாளியை கொலம்பியா என்னும் நாட்டுத்தாய் காப்பதாக வரைந்தார். சீனக் குடியேறிகளுக்காகப் பேசுவது எவருக்கும் வாக்கோ காசோ பெற்றுத் தராத நாள்கள் அவை. 1874 அக்டோபரில், தென்மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் வெள்ளையர் கும்பல்களிடம் படும் பாடு அடிமைத்தனத்தினும் கொடியது என்று காட்டினார். ஆனால் அதே 1874 மார்ச்சில் தென்கரோலினாவின் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர்களைத் தடித்த உதடுகளோடு கேலிப் பொருளாக்கினார். 1876 டிசம்பர் 9 இதழில் தராசின் ஒரு தட்டில் கறுப்பினத்தவரையும் மறு தட்டில் அயர்லாந்துக்காரரையும் உட்கார வைத்து, இருவருமே அறியாமையின் வாக்காளர்கள் என்றார். பதினோரு ஆண்டு முன்பு வாக்குரிமை கேட்டு வாதாடியவரின் கைதான் இதையும் வரைந்தது.

அவர் பெருமனம் படைத்தவரா, வெறுப்பாளரா என்று ஒரே சொல்லில் முடிவு கட்ட முயல வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் அதன் தேதியோடு வைத்துக் காட்டுங்கள். 1865ஐயும் 1876ஐயும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடும்படி இதழாசிரியரிடம் கேளுங்கள்.


கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படங்களை இடும் யோசனையை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நாஸ்டின் வாயை அடைக்க ட்வீட் தரப்பு பெருந்தொகை கொடுக்க முன்வந்தது என்பதும், பிறகு ஸ்பெயின் நாட்டில் ட்வீட் பிடிபட்டது நாஸ்டின் படத்தால்தான் என்பதும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை? அவருடைய கடைசிக்காலம் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?


மறுமொழி 4

கையூட்டுச் செய்தியை உலகறியச் செய்தவர் 1904இல் நாஸ்டின் வரலாற்றை எழுதிய ஆல்பர்ட் பிகலோ பெயின். அவர் நாஸ்டிடமே பேசித் தகவல் திரட்டியவர். எனவே இது நாஸ்டின் சொந்தக் கூற்று என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா சென்று ஓவியம் பயில 1,00,000 டாலர் தருவதாக ஒரு வங்கியாளர் வந்து பேசியதாகவும், நாஸ்ட் தொகையை உயர்த்திக் கேட்டுக்கொண்டே போய் 5,00,000 வரை கொண்டு சென்று, பின் மறுத்து அனுப்பியதாகவும் அதில் வருகிறது. ஆனால் அவர் பணியாற்றிய நிறுவனத்தின் மீது வந்த நெருக்கடியை நீங்கள் இதைவிட விரிவாக எழுதலாம். ஹார்ப்பர் நிறுவனம் பள்ளிப் பாடநூல்களும் வெளியிட்டது. டாமனியின் பிடியிலிருந்த நகரக் கல்விக் குழு அந்த நூல்களை வாங்க மறுத்தது. நிறுவனத்தின் பங்காளிகளிடையே தயக்கம் எழுந்தபோதும் ஃபிளெட்சர் ஹார்ப்பர் விட்டுக்கொடுக்கவில்லை. ஓவியருக்குப் பின்னால் அப்படி ஒரு வெளியீட்டாளர் நின்றதைச் சொல்லாமல் ஓவியரின் துணிவை மட்டும் பாராட்டுவது முறையாகாது.

ஸ்பெயின் செய்தியின் அடிப்படை உண்மை. ஆனால் அதில் ஒரு திருப்பம் இருக்கிறது. தண்டனையும் மேல்முறையீடும் முடிந்து, உரிமையியல் வழக்கில் மீண்டும் சிறைப்பட்டிருந்த ட்வீட், 1875 டிசம்பர் 4 அன்று காவலரோடு தம் வீட்டுக்கு வந்திருந்தபோது தப்பினார். கியூபா வழியாகக் கப்பலேறி 1876 செப்டம்பரில் ஸ்பெயினின் வீகோ துறைமுகத்தை அடைந்தபோது பிடிபட்டார். அவரை அடையாளம் காண அங்கிருந்த அதிகாரிகளுக்கு உதவியது, அதே ஆண்டு ஜூலை 1 இதழில் வந்த நாஸ்டின் படம். அதில் ட்வீட் சிறைவாசிகளின் கோடு போட்ட உடையில், கையில் தடியோடு, இரண்டு சிறுவர்களின் சட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறார். பெருந்திருடர்கள் திரியும்போது தெருவில் திருடும் பையன்களைப் பிடிப்பதுதான் டில்டனின் சீர்திருத்தமா என்பது படத்தின் பொருள். ஸ்பெயின் அதிகாரிகளோ அதைப் பார்த்து, பிள்ளை பிடிக்கும் ஆசாமி என்று நினைத்துக்கொண்டார்கள் என்பர். இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் படத்தின் இலக்கு ட்வீட் அல்ல என்பதே. ட்வீட்டைச் சிறைக்கு அனுப்பப் பாடுபட்ட டில்டனே அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஆனார். குடியரசுக் கட்சிக்காரரான நாஸ்ட், பழைய கூட்டாளியென்றும் பாராமல் அவர்மீது பாய்ந்தார். கட்சிப்பற்று அவரை எங்கெல்லாம் இழுத்துச் சென்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. ட்வீட் 1878 ஏப்ரல் 12 அன்று லட்லோ தெருச் சிறையில் இறந்தார்.

1872 தேர்தலையும் விட்டுவிடாதீர்கள். அன்றைய குடியரசுத் தலைவர் கிராண்டை எதிர்த்து நின்ற பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலியை வாரம் தவறாமல் இரக்கமின்றித் தாக்கினார். தோற்றுப்போன கிரீலி, மனைவியையும் இழந்த துயரத்தில், நவம்பர் 29 அன்றே காலமானார். அதற்கு நாஸ்டின் படங்களே காரணம் என்பது பொருந்தாது. இருந்தாலும் ஓர் எல்லையைத் தாண்டியவை அந்தப் படங்கள் என்ற குறை அன்றே எழுந்தது. அது நியாயமான குறை என்றே எனக்குப் படுகிறது.

கடைசிக்காலம் துயரமானது. 1877இல் ஃபிளெட்சர் ஹார்ப்பர் மறைந்தார். இதழின் ஆசிரியர் ஜார்ஜ் வில்லியம் கர்ட்டிஸ் நிதானப் போக்குடையவர். தனிமனிதர்களைப் படத்தில் கிழிப்பதை அவர் என்றுமே விரும்பியதில்லை. அதுவரை நாஸ்டுக்கும் அவருக்கும் நடுவே நின்ற துணை போயிற்று. 1884இல், முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்டின் பெயரையும் தாங்கியிருந்த கிராண்ட் அண்ட் வார்டு நிதி நிறுவனம் திவாலானபோது, நாஸ்ட் போட்டிருந்த சேமிப்பும் அதோடு போயிற்று. 1886 இறுதியில் ஹார்ப்பர்ஸை விட்டு விலகினார். 1892இல் சொந்தமாகத் தொடங்கிய ‘நாஸ்ட்ஸ் வீக்லி’ சில மாதங்களே வந்தது, கடன்தான் மிஞ்சியது. 1902இல் அவரது ரசிகரான குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஈக்வடார் நாட்டின் குவாயாகில் துறைமுகத்துக்கு அமெரிக்கத் தூதரக அதிகாரியாக அவரை நியமித்தார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. பலர் அங்கிருந்து வெளியேறியபோதும் அவர் பணியிடத்திலேயே தங்கி, ஊதியத்திலிருந்து கடனை அடைக்க வீட்டுக்குப் பணம் அனுப்பிவந்தார். அதே காய்ச்சல் கண்டு 1902 டிசம்பர் 7 அன்று இறந்தார்.

குடியரசுக் கட்சியின் யானை 1874 நவம்பர் 7 இதழில் அவர் வரைந்தது என்பதை உங்கள் கட்டுரையில் தயங்காமல் எழுதலாம். ஜனநாயகக் கட்சியின் சின்னமான கழுதையை அவரே உருவாக்கினார் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். முந்தைய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்திலேயே அந்தக் கேலி இருந்தது, 1870 முதல் அதை ஜனநாயகக் கட்சியினர் மீது ஒட்டவைத்ததே நாஸ்டின் வேலை.